சுவருக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை நிப்லாவின் அறைச் சுவருக்கு அவளுடைய வாப்பா அபுல் ஹஸன் ஹாஜியார் பால்வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டு, "இனிப் பூஞ்சணமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று பிரஷ்ஷைக் கழுவிக் கவிழ்த்த இடத்தில் நின்றோம். வாசித்தவர்களில் சிலர், 'பாவம், மனுசன் திருந்திவிட்டார்' என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் மனசு அப்படி. ஹாஜியாருடைய மனசு அப்படியில்லை.

இன்று காலையில் நிப்லா கட்டிலை இழுத்துவிட்டுப் பார்த்தாள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் தொட்டதும் தோலாக உரிந்து வந்தது. உள்ளே கறுப்பு. மாரி முழுக்க மூலையில் கிடந்த ஈரச்சாக்கின் மணம் குப்பென்று மூக்கில் அடித்தது.

"அல்லாஹ்வே, இன்னும் எத்தன தரம்தான் துடைக்கிற?" என்று வாய்விட்டே கேட்டாள்.

ப்ளீச் தண்ணீர் போட்டுத் துடைத்தாயிற்று. வினாகிரி பூசியாயிற்று. சுண்ணாம்பு அடித்தாயிற்று. போனில் பார்த்துப் பார்த்து ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்தாயிற்று. துடைத்த கை காயுமுன்னே சுவர் பழையபடி வேர்க்கும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹாஜியாருக்குக் கல்முனைக்குடியில் இருப்பது ஒரே துண்டு வளவு. பெண் பிள்ளைகளோ இரண்டு. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை படியேறமாட்டார். மூத்தவள் நிப்லாவுக்கு முன் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். இளையவள் சிபானாவுக்குக் கட்ட வந்தபோது இடம் போதவில்லை. மனுசன் என்ன செய்தார்? நிப்லாவின் பின்சுவரிலேயே சிபானாவின் வீட்டைக் கொண்டுபோய் ஒட்டினார். ஒரு சுவர் மிச்சம் என்று மேசனிடம் பெருமை வேறு பேசினார். அந்தச் சுவரில் நிப்லாவின் அறைக்கு இருந்த ஒரேயொரு யன்னலைக் கல் வைத்து அடைத்தார். அடைத்த யன்னலுக்கு அந்தப் பக்கம் சிபானாவின் குளியலறை வந்தது.

வாப்பா, உம்மா, சிபானா மூவரும் அந்தப் புது வீட்டில் குடியேறிக் குளிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கம் சுவர் ஊறத் தொடங்கியது. சுவர் ஊற ஊற நிப்லாவின் ஐந்து வயது மகள் றுஷ்தாவுக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு முட்டு என்கிற மூச்சிழுப்பு வந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

"அந்த அறைக்குள்ள பிள்ளையப் படுக்க வைக்காதீங்க. துடைச்சுப் பிரயோசனம் இல்ல. தண்ணி வாற வழிய அடைக்கணும்" என்று டொக்டர் சிவரூபினி தெளிவாகச் சொல்லியிருந்தார். மகளை நடுக் கூடத்தில் படுக்க வைத்தாள் நிப்லா. காய்ந்த அறை ஒன்று வீட்டில் இல்லாமல் இல்லை. அதற்குள் சிபானாவின் கலியாணக் கட்டிலும் அலுமாரியும் சோபாவும் பொலித்தீன் உரிக்காமல் இருக்கின்றன. பூட்டின அறையின் திறப்பு உம்மா ஹாஜறாவின் முந்தானையில் இருக்கிறது. தளபாடத்துக்குக் காய்ந்த அறை, பிள்ளைக்குக் கூடம். நியாயத்தைப் பாருங்கள்!

நிப்லா உரிந்த பெயின்ட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பின் வீட்டுக்குப் போனாள். ஹாஜியார் புதுச் சாரன் உடுத்து, தொப்பியை உதறிக்கொண்டிருந்தார்.

"வாப்பா, இதப் பாருங்க."

பார்த்தார். பார்க்காததுபோலத் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"இண்டைக்கு அஸர்த் தொழுகைக்குப் பிறகு நிந்தவூர்க்காரங்க வீடு பார்க்க வாறாங்க. தெரியுமா, தெரியாதா உனக்கு?"

"தெரியும். சுவர ஒடச்சிப் பைப்பப் பார்க்கச் சொல்லி எத்தன மாசமாக் கேக்கிறன்?"

"புதுசா மாபிள் ஒட்டின பாத்ரூம ஒடைக்கவா? கலியாணத்துக்கு முன்னுக்கா? உனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப என்ட புள்ள?"

"உன்ட புள்ளைக்கு மாரி காலத்துச் சளி. எல்லாப் புள்ளைக்கும்தான் இரிக்கி. இஞ்ச பாரு நிப்லா, அவங்க வந்து போய் முடியிறவரைக்கும் இருமல் சத்தம் கேக்கப்படா. முட்டு வருத்தம் உள்ள குடும்பம் எண்டு தெரிஞ்சா மாப்பிள்ளைட உம்மா வந்த வழியே திரும்பிப் போவா. பிறகு ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு மூச்சு முட்டாது வாப்பா. என்ட புள்ளைக்குத்தான் முட்டுது."

"வாய மூடு! உனக்கு வீடு கட்டித் தந்தன், மாப்பிள்ள எடுத்துத் தந்தன். இப்ப தங்கச்சிக்கு நடக்கிற நேரம் உனக்கு வயிறு எரியுது."

வயிறு எரிகிறதாம்! பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்க ஒரு தகப்பனுக்கு எப்படி வாய் வருகிறதோ. நிப்லா கையிலிருந்ததை அவருடைய புதுச் சாரனுக்குப் பக்கத்தில், மேசை விரிப்பிலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

சிபானா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்தாவுக்கு வழி விட்டாளே தவிர, வாய் திறக்கவில்லை. அவள் இந்தச் சண்டையில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அதுவே நிப்லாவுக்கு இன்னும் ஆத்திரம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஜறா வந்தாள். குரல் சீனிபோல இருந்தது. உம்மாவின் குரல் அப்படி இனித்தால் ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"இஞ்ச வாகா மகள். வாப்பா சொன்னத மனசில வெச்சிக்காத. ரோல்ஸ் பொரிக்கோணும், உன்ட கை பட்டாத்தான் அது வடிவா வரும். றுஷ்தாவ நான் பார்க்கிறன். கதை சொல்லித் தூங்க வைக்கிறன்."

"கூடத்திலதான் படுக்க வைக்கோணும் உம்மா."

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதா? நீ போகா."

நிப்லா போனாள். பெற்ற தாயை நம்பிப் போனாள். பின் வீட்டுக் குசினியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்று ரோல்ஸ் பொரித்தாள். பக்கத்தில் சிபானா கோப்பைகளைத் துடைத்தாள். சகோதரிகள் இருவருக்கும் நடுவே எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது.

முன் வீட்டில் ஹாஜறா என்ன செய்தாள் தெரியுமா? வருகிறவர்கள் முன் வீட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் பின் வீட்டுக்குப் போகவேண்டும். கூடத்தில் பிள்ளை கிடந்து இருமினால் எப்படி? பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அறைக் கட்டிலில் போட்டாள். அறை மணத்தது. மணத்துக்கு எங்கள் வீடுகளில் ஒரே மருந்துதான். சட்டியில் தணலெடுத்து, ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். புகை திரண்டு எழும்பியதும் சட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். சத்தமும் மணமும் வெளியே வராமல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அடைத்த யன்னல், ஊறின சுவர், சாம்பிராணிப் புகை, உள்ளே முட்டுக்காரப் பிள்ளை. ஹாஜறா கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவளுடைய உம்மா செய்தாள், அவளும் செய்தாள். மணக்கிற அறைக்குப் புகை போடுவதைத் தவிர வேறொன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனால் பேத்தியின் நெஞ்சைவிட நிந்தவூர்க்காரர்களின் மூக்குப் பெரிதாகப் போயிற்றே, அதைத்தான் எனக்குப் பொறுக்க ஏலவில்லை.

பொரித்த தட்டை எடுத்துக்கொண்டு முன் வீட்டுக்கு வந்த நிப்லா, கூடத்தில் பாய் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டாள்.

"உம்மா! புள்ள எங்க?"

"தூங்கிறா. சத்தம் போடாத."

"எங்க தூங்கிறா?"

ஹாஜறாவின் கண் அறைக் கதவுக்குப் போனது. கதவின் கீழ் இடுக்கால் புகை கசிந்துகொண்டிருந்தது.

தட்டு கீழே விழுந்தது. நிப்லா கதவைத் தள்ளினாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கையால் துழாவிப் பிள்ளையைத் தூக்கினாள். றுஷ்தாவின் கழுத்துக் குழி உள்ளே இழுத்து இழுத்து எழும்பியது. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. அழக்கூட அவளுக்கு மூச்சு இல்லை.

"கொல்லப் பார்த்தீங்களா? என்ட புள்ளயக் கொல்லப் பார்த்தீங்களா உம்மா?"

"நான்... மணம் போகட்டும் எண்டுதான்..."

மிச்சத்தைக் கேட்க நிப்லா அங்கே நிற்கவில்லை. செருப்புமில்லாமல் வீதிக்கு ஓடினாள். எதிரே வந்த ஓட்டோவை மறித்தாள். அவள் ஏறுமுன்னே வெள்ளை வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. வேனிலிருந்து இறங்கிய பெண்கள், பிள்ளையோடு ஒருத்தி ஓடுவதைக் கண்டார்கள், அந்தப் பிள்ளையின் நெஞ்சு விசில் அடிப்பதைக் கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைப் போட்டு மருந்து ஆவி பிடிக்க வைத்தார்கள். முதலாவது போதவில்லை. இன்னொன்று வைத்தார்கள். நிப்லா மகளுடைய கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஓதல்களையெல்லாம் ஒன்றோடொன்று குழப்பி ஓதினாள். மெல்ல மெல்ல உதட்டில் சிவப்பு வந்தது.

டொக்டர் சிவரூபினி சீறினார். "புகை போட்டது ஆரு? அந்த அறைக்குள்ள விடவேணாம் எண்டு சொன்னன்தானே? இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா நான் உங்களுக்கு வேற கதை சொல்லியிருப்பன். இண்டைக்கு வார்ட்டில இருக்கட்டும். இனி அந்த வீட்டுக்கு இந்தப் பிள்ளை போகக்கூடாது. விளங்கிச்சா?"

"விளங்கிச்சி டொக்டர்."

நிப்லாவின் கணவன் றிபாஸ் பஸாரில் போன் கடை வைத்திருக்கிறான். செய்தி கேட்டுக் கடையைப் பூட்டாமலே ஓடிவந்தான். மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நிப்லாவுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்ட விட்டதும் புள்ளய நேரா சம்மாந்துறைக்கு, எங்கட உம்மாட வீட்ட கொண்டு போறன். நீ வாறயெண்டா வா. வராட்டி உன்ட வாப்பாட சுவரக் கட்டிப்புடிச்சிக்கிட்டு இரி."

சீதன வீடு இருக்க, மாமியார் வீட்டில் போய்க் குடியிருப்பவளை எங்கள் ஊர் என்னவெல்லாம் கதைக்கும் என்று நிப்லாவுக்குத் தெரியும். அந்தக் கதையையெல்லாம் அவள் இப்போது நினைக்கவேயில்லை.

"வாறன்" என்றாள். "புள்ளைக்கு உடுப்பு எடுத்துக்கிட்டு வாறன். நீங்க பக்கத்தில இரிங்க."

வீட்டு வாசலில் வேன் இன்னும் நின்றது. நிப்லா நேரே முன் வீட்டுக்குள் போய்ப் பையில் மகளின் உடுப்புகளைத் திணித்தாள். கதவு திறந்து கிடந்ததால் பின் வீட்டுப் பேச்சு நன்றாகவே கேட்டது.

மாப்பிள்ளை முஹ்ஸினின் உம்மா மசூதா கேட்டுக்கொண்டிருந்தாள். "வரக்குள்ள ஒரு புள்ளயத் தூக்கிட்டு ஓடினாங்களே, பாவம், அது ஆர்ர புள்ள?"

பிறகு ஹாஜியாரின் குரல்.

"அதுவா? அது பக்கத்து வீட்டுப் புள்ள. தேத்தண்ணி எடுங்க."

நிப்லாவின் கை பையிலேயே நின்றது. மகளுக்குக் காது குத்திய அன்று மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் இதே வாப்பா. ஊர் ஊராக 'என்ட மூத்த பேத்தி' என்று தூக்கிக்கொண்டு திரிந்தவர் இதே வாப்பா.

அவள் எழுந்து பின் வீட்டுக்குப் போனாள். கூடம் நிறையப் பெண்கள். நடுக் கதிரையில் மசூதா, தங்கக் கண்ணாடி போட்ட கட்டான மனுசி. ஓரத்தில் தலை குனிந்து சிபானா.

"மாமி, நான் நிப்லா. இவர்ர மூத்த மகள். அந்தப் புள்ள என்ட புள்ள."

ஹாஜியாரின் முகம் சுண்ணாம்பானது. "நிப்லா, உள்ளுக்குப் போ!"

"போகத்தான் போறன் வாப்பா. வீடு பார்க்கத்தானே வந்திரிக்காங்க? முழுசாப் பார்க்கட்டும். வாங்க மாமி, பக்கத்து வீட்டயும் பாருங்க."

மசூதா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். எழும்பாமல் இருந்திருந்தால் அவள் மசூதா இல்லை. ஹாஜியார் குறுக்கே வரப் பார்த்தார். அந்நியப் பெண்கள் நடுவே எப்படிக் குறுக்கே நிற்பது? ஒதுங்கினார். சிபானாதான் பின்னாலே ஓடிவந்து நிப்லாவின் கையைப் பிடித்தாள்.

"ராத்தா, வாணாம். அல்லாவுக்காகக் கேக்கிறன், இண்டைக்கு வாணாம்."

இத்தனை மாதத்தில் அவள் வாய் திறந்தது இப்போதுதான். நிப்லா கையை உதறினாள்.

அறைக்குள் புகை இன்னும் அடங்கவில்லை. மசூதா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சுவரைத் தொட்டாள். வெள்ளைப் பெயின்ட் பிட்டாக உரிந்து அவளுடைய காலடியில் விழுந்தது. கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

"சீ! இதென்னகா இது?"

"பூஞ்சணம் மாமி. இதுக்கு அந்தப் பக்கம்தான் உங்கட மகனுக்குக் கட்டின பாத்ரூம். இதுக்குள்ள வெச்சித்தான் என்ட புள்ளைக்குப் புகை போட்டிரிக்காங்க."

ஹாஜறா வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில். நிப்லா திடுக்கிட்டு, பழக்கதோஷத்தில் மகளைத் தேடினாள். றுஷ்தா ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறாள்? விசில் சிபானாவின் நெஞ்சிலிருந்து வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தோள் இரண்டையும் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் சால்வைக்குள் கையை விட்டு மூச்சுக்கு இழுக்கிற நீலநிறப் பம்ப் ஒன்றை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள்.

நிப்லாவுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. வாப்பா மறைத்தது றுஷ்தாவின் இருமலை மட்டுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் இதேதான். மாபிளுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொண்டே தன் சொந்த மகளையும் அதற்குள் அடைத்து வைத்து, மேலே மாபிள் ஒட்டி, மாப்பிள்ளை தேடியிருக்கிறார்.

மசூதா சிபானாவைப் பார்த்தாள். பம்ப்பைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளைக்கும் முட்டா?"

"இல்ல, இல்ல!" ஹாஜறா பதறினாள். "புகைதான், அல்லாவறிய புகைதான். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"உங்களக் கேக்கல்ல." மசூதா நிப்லாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு மகள். நீ மறைக்கிற ஆளாத் தெரியல்ல."

சிபானாவின் கண்கள் ராத்தாவின் முகத்திலேயே நின்றன. புகை என்று ஒரு சொல் போதும். நிப்லா அதைச் சொன்னால் மசூதா பாதியாவது நம்புவாள்.

"ஓம் மாமி" என்றாள் நிப்லா. "இவளுக்கும் முட்டுத்தான்."

இது பரம்பரை வருத்தமில்லை, இந்த வீட்டுக்கு வருமுன்னே தங்கச்சிக்கு ஒரு தும்மல்கூட இருந்ததில்லை, சுவரை உடைத்துக் காயவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். டொக்டர் சொன்னது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. வாப்பாமேல் இருந்த கோபத்தைத் தங்கச்சியின் தலையில் போட்டாள்.

மசூதா கறுத்த கையை முன்னே நீட்டிப் பிடித்தபடியே வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்று போன் எடுத்தாள். "மகன் முஹ்ஸின், நீ உடன வா. கதைக்க ஒண்ணுமில்ல, நேர்ல வா." கலியாணத்தைக் குழப்பக் கூப்பிடுகிறாளா, சுவரைக் காட்டக் கூப்பிடுகிறாளா என்று அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஹாஜியார் முற்றத்தில் நின்று, "நீ எனக்குப் பொறந்த பாம்பு!" என்று மூத்த மகளைப் பார்த்துக் கத்தினார்.

நிப்லா பையை எடுத்தாள். சிபானா சுவரோடு சரிந்து தரையில் இருந்தாள். மூச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இருந்தாலும் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"இப்ப உனக்கு நல்லா மூச்சு வருதா ராத்தா?"

வந்தது. அதுதான் நிப்லாவுக்கு வெட்கமாக இருந்தது. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கி, மூச்சு நன்றாகவே வந்தது. மகள் காத்திருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் வேகமாக ஓட்டோவை நோக்கி நடந்தாள்.